நனையாத சட்டைக்கை

விடிந்ததிலிருந்தே மணிக்கட்டு இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தன. ஈரத்துணியை உதறி உதறி வந்த வலி. எட்டு வருஷமாகக் கூடவே இருப்பதால் அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் மடிப்பறையில் எல்லாரும் தங்கள் கையையும் நீட்டிக் காட்டுவார்கள்.

ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனையைச் சேர்த்தால் ஒரு மடிப்பு. ஒரு ஜோடிக்கு ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. அவளுக்கு ஜோடி நெட்டை அக்கா. அவளோ அக்காவின் தோளுக்குத்தான் இருப்பாள்.

"ஓட்டுக்கூரை மாதிரி சரிஞ்சு நிக்குது பாரு. கையைத் தூக்குடி குட்டை."

"நீ குனியேன். ஒண்ணும் தேஞ்சு போயிட மாட்டே."

எட்டு வருஷமாக இதே சண்டை. எட்டு வருஷமாக மடிப்பில் ஒரு நூல் பிசகியதில்லை.

சலவைக்கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகளை விட ஓர் அறை உண்டு. அவளுடைய ஆறு மாத மகன் அங்கே கிடப்பான். எல்லாருக்கும் அவன் பயில்வான். அந்தப் பேரை வைத்தவன் அவன் அப்பன், கிடங்கில் மூட்டை தூக்குகிறவன்.

"இடது கையைப் பாரு, மூடுனா மூடுனதுதான். விரலைப் பிரிக்க ரெண்டு ஆள் வேணும். மூட்டைக் கொக்கியைக் குடுத்தா திருப்பித் தரவே மாட்டான்" என்பான்.

கக்கத்தில் பிடித்து நிறுத்தினால் பிள்ளையின் கால் விறைத்து நுனிவிரலில் ஊன்றும். இடது கால் இன்னும் விறைப்பு. "ஆறு மாசத்துல நிக்கிறான்டா!" என்று கிடங்குக்கே தூக்கிப் போய்க் காட்டினான். மூட்டை தூக்கிகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். முதுகின் விறைப்பும் கையின் பிடியும்தான் அவர்களுக்குச் சோறு. பிள்ளையிடமும் அதைத்தான் தேடினார்கள், அது இருந்தது.

இடைவேளையில் பிள்ளைக்குச் சட்டை மாற்றுவது நெட்டை அக்காதான். இவள் சொல்லாவிட்டாலும் இவளுடைய மணிக்கட்டுக்கு அந்தக் கால் மணி நேரமாவது ஓய்வு கிடைக்கட்டும் என்று அக்காவே எடுத்துக்கொண்ட வேலை. ஒருநாள் கழற்றிய சட்டையோடு மடிப்பறைக்கு வந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காத."

"சொல்லு."

அக்கா சட்டையை மேஜையில் விரித்தாள். வலது கைமுனை எச்சிலில் ஊறி, மஞ்சளித்து, நூல் பிரிந்து கிடந்தது. இடது கைமுனை கடையிலிருந்து வந்தபடியே இருந்தது.

"அஞ்சு சட்டையும் இப்படித்தான். இவன் இடது கையை வாயில வைக்கிறதே இல்ல. எதையும் எட்டிப் பிடிக்கிறதும் இல்ல. சட்டையில நுழைக்கப் போனா கட்டை மாதிரி இருக்கு. இந்த வயசுப் புள்ளைங்க ரெண்டு கையாலயும்தான் பிராண்டும்."

"அவன் சோத்தாங்கைக்காரன். அவங்கப்பா மாதிரி."

"ஆறு மாசத்துல சோத்தாங்கை ஏதுடி? ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டு. ஒண்ணுமில்லேன்னா வந்து என்னைத் திட்டு."

அவள் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை.

"பத்துப் புள்ள பெத்தவ மாதிரி பேசாத. ஒண்ணப் பெத்துட்டு வா, அப்புறம் என் புள்ளைக்குக் குறை கண்டுபிடி."

மடிப்பறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் அக்காவுக்குப் பிள்ளை இல்லை என்று தெரியும். அக்கா சட்டையை எடுத்தாள். கைகள் இரண்டையும் உள்ளே மடக்கி, நாலாக மடித்து, அவள் பக்கம் வைத்துவிட்டு விரிப்பில் தன் முனைகளைப் பிடித்தாள்.

மறுநாள் அவள் மேஸ்திரியிடம் போய் வேறு ஜோடி கேட்டாள்.

"ஏன், என்ன ஆச்சு?"

"உயரம் ஒத்துவரல."

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தார்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது நர்ஸ் உடனே ஊசியை எடுக்கவில்லை. பிள்ளையை மடியில் உட்காரவைக்கச் சொன்னாள். அவன் இடப்பக்கமாகச் சரிந்தான். சிவப்பு வளையம் ஒன்றை இடது பக்கம் நீட்டினாள். பிள்ளை வலது கையைக் குறுக்கே கொண்டுபோய்ப் பிடுங்கினான். நர்ஸ் அந்த வலது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு மறுபடி காட்டினாள். பிள்ளை அழுதான். வாயை நீட்டினான். கழுத்தை நீட்டினான். இடது கை மட்டும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டு அப்படியே இருந்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"பொறந்ததுலேருந்தே நல்ல பிடி. பயில்வான்னுதான் கூப்பிடுவோம்" என்றாள் அவள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினாள்.

அங்கே தலையைப் படம் எடுத்தார்கள். மூளையில் ஒரு பக்கம் பழுதுபட்டிருக்கிறது, பிறப்பதற்கு முன்னாலோ பிறக்கும்போதோ நடந்திருக்கும், நீங்கள் செய்த எதனாலும் இல்லை என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள். உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த பெண் பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே பேசினாள்.

"விறைப்பைப் பலம்னு நினைச்சுக்குவாங்க. நிறைய வீட்டுல அப்படித்தான். மூணு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். பரவால்ல, இப்பவாவது வந்தீங்களே. யார் மொதல்ல கவனிச்சது?"

"கூட வேலை பாக்குறவங்க."

"கெட்டிக்காரங்க. எப்ப?"

அவள் கட்டிலில் விரித்திருந்த விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சலவைக்கூடத்தில் வெளுத்ததுதான், ஓரத்தில் முத்திரை இருந்தது. மடிப்புத் தடம் கோணலாக ஓடியது. அவளும் புது ஜோடியும் மடித்ததாக இருக்கும். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை.

வீட்டில் சொன்னபோது புருஷன் வழக்கம்போலப் பிள்ளையைக் கக்கத்தில் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தான். கேட்டு முடித்ததும் மெதுவாக மடியில் கிடத்தினான்.

"அப்போ அது பலம் இல்லையா?"

"இல்ல."

"கிடங்குல எல்லாருக்கும் காட்டுனேனே."

தெருவில் தண்ணீர் வண்டி ஒன்று வந்து, நின்று, போனது.

"பயில்வான்னு கூப்பிடலாமில்ல?"

"கூப்பிடு."

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் பயிற்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரியிடம் லீவு கேட்க நின்றாள். அவர் வேலைநாள் எழுதிய பலகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"உன் செவ்வாய்க்கு ஆள் வந்தாச்சு."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

அவர் முகவாயால் கடைசி மேஜையைக் காட்டினார். நெட்டை அக்கா தலையணை உறைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். செவ்வாய் அக்காவின் வார லீவு.

"புள்ளைங்க அறையில பேசிக்கிட்டதைக் கேட்டிருக்கா. தன் லீவுல உனக்குப் பதிலா வர்றேன்னா. உன்கிட்ட சொல்லாதீங்கன்னா. எனக்கெங்க வாய் நிக்குது?"

வீட்டில் அவள் பிள்ளையின் வலது சட்டைக்கைகளின் முனையைத் தைத்துப் பைபோல மூடினாள். பயிற்சிக்காரி சொன்னபடி தினம் ஒரு மணி நேரம் வலது கை அந்தப் பைக்குள் கிடக்கும். இடது கைதான் வேலை பார்க்க வேண்டும். பிள்ளை அந்த ஒரு மணி நேரமும் அழுவான். அவள் எதிரே உட்கார்ந்து சிவப்பு மூடி ஒன்றை நீட்டிக்கொண்டே இருப்பாள். முடிந்ததும் சட்டையைக் கழற்றி இடது கைமுனையைத் தடவிப் பார்ப்பாள். உலர்ந்தே இருக்கும்.

பதினோராவது செவ்வாய் போனது. புதன்கிழமை அவளுடைய புது ஜோடி வேலைக்கு வரவில்லை. மேஸ்திரி எதுவும் கேட்காமல் அவளைக் கடைசி மேஜைக்கு அனுப்பினார். அக்கா ஒரு விரிப்பை எடுத்து உதறி, எதிர்முனைகளை அவள் பக்கம் வீசினாள். அவள் பிடித்தாள். நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கும்போதெல்லாம் இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் நின்றன. ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியது அவள் வாய் வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த விரிப்பு வந்துவிட்டது.

"சரியுது. கையைத் தூக்கு" என்றாள் அக்கா.

தூக்கினாள். மணிக்கட்டு வலித்தது. சாயங்காலம் மணி அடித்தபோது அறுநூறும் முடிந்திருந்தது, பன்னிரண்டு பேரும் கை கழுவப் போய்விட்டார்கள். பதினோரு செவ்வாய்க்கிழமை லீவும், அந்தப் பன்னிரண்டு பேர் முன்னால் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பும் நெட்டை அக்காவுக்கு அவள் இன்னும் பாக்கி.