தலைவர் வீட்டு வெந்நீர்

வெந்நீர் ஊற்று விடுதிக்காரர்கள் சங்கத்தின் தலைவர் முரோதா பேச எழுந்தால், அவர் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடலாம். எரிமலையடியில் துளை போட்டு, ஆவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா என்று ஆராய வந்தவர்களின் முன்னால் அன்று செருமல் இன்னும் நீண்டது.

"நானூறு வருஷமா இந்தத் தீவோட மானமே இந்த வெந்நீர்தான். நீங்க கீழ துளை போட்டு, மேல ஊத்து ஆறிப்போச்சுன்னா? முதல்ல ஒவ்வொரு விடுதி ஊத்தையும் அது பொங்குற இடத்துலயே சூடு பாத்து எழுதுங்க. அப்புறம் ஒரு டிகிரி குறைஞ்சாலும் சட்டையப் பிடிப்போம்."

கூடம் கைதட்டியது. ஆய்வுக்குழுவின் நிலவியலாளர் இகாரி தலை வணங்கினாள். "நல்ல யோசனை, தலைவரே. நாளைக்கு உங்க விடுதியிலயே ஆரம்பிக்கிறோம்."

உட்கார்ந்த பிறகுதான் தான் பேசியது முரோதாவுக்கே கேட்டது. அவருடைய ஊற்று ஆறிப்போய்ப் பல வருடங்களாகின்றன. மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஒரு பாய்லர் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு நானூறு வருடப் பாரம்பரியத்தைக் காய்ச்சித் தந்துகொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான்.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி சதாயே. "நாளைக்கு அந்தப் பொண்ணுகிட்ட எதக் காட்டுவீங்க? உங்க பேச்சையா? அதுல வேணா சூடு இருக்கு."

சாயங்காலம் எதிர் விடுதிக்காரர் தோகாஷி, கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு பின்வாசல் வழியாக வந்தார்.

"தலைவரே, எங்க ஊத்த மட்டும் கடைசியில பாக்கச் சொல்லுங்களேன். அதுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல."

முரோதா தலைவருக்குரிய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னய்யா இது? ஊர் மானம்..."

உள்ளிருந்து சதாயேவின் குரல் வந்தது. "அவர்கிட்ட என்ன ஒளிவு? இங்க வந்து எங்க பாய்லரப் பாருங்க. உங்களோடத விடப் பெருசு."

மறுநாள் காலை இகாரி முரோதாவின் ஊற்றுக்குள் வெப்பமானியை இறக்கினாள். முப்பத்தொரு டிகிரி. எழுதிக்கொண்டாள்; அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊத்து வழி மாறுறது எல்லா எரிமலைத் தீவுலயும் உண்டுதான், தலைவரே. சூடு கீழ இருக்கும். எவ்வளவுன்னு துளை போட்டாத்தான் தெரியும். மின்சாரம் எடுத்தது போக மிஞ்சுற சூட்டுல தண்ணியக் காய்ச்சி, குழாய்ல விடுதிக்கெல்லாம் விடலாம். அத உங்க சங்கம் கேக்கணும். ஏன் வேணும்னும் பொதுவுல சொல்லணும்."

முரோதா காலணியைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே விட்டார். வெதுவெதுப்பாக, யாருக்கும் தீங்கில்லாமல் இருந்தது.

"கேக்குறோம். கூட்டத்துல என் ஊத்தோட அளவையே முதல்ல வாசிங்க."

"சரி."

"தோகாஷியோடத எப்ப பாக்குறீங்க?"

"இன்னிக்கு மத்தியானம்."

"பாருங்க, பாருங்க." காலைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தொண்ணுக்கு மேல இருந்தா மட்டும், இன்னொரு தடவ பாத்துடுங்க."