ஒண்ணை அமுக்குங்க

…அமுக்க மாட்டேன், போன் காதுலதான் இருக்கு, பெருவிரல் ஒண்ணாம் நம்பர் மேலதான் இருக்கு, ஆனாலும் அமுக்க மாட்டேன், கெடந்து கத்தட்டும் சனியன், வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும், ராத்திரி நல்லாத் தூங்குனியளா, நல்லா இருந்தா ஒண்ணை அமுக்குங்க… எம் மவன் இர்ஷாத் குரல்தான், சவூதி தம்மாம்ல இருந்து, தினமும் காலையில நான் பசியாறி முடிச்சதும் வரும், வேலைக்குப் போற அவசரத்துலயும் பெத்தவனை நெனைக்கானேன்னு நேத்துவரை பூரிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அமுக்கச் சொல்லுதானே, வெளிநாட்டு லைனுக்கு அப்படித்தான் போலன்னு நெனைச்சேன், நாலாங்கிளாசைத் தாண்டாதவனுக்கு வேற என்ன தோணும்… தினம் அதே வார்த்தையா இருக்கேன்னு தோணத்தான் செஞ்சுது, நான் மட்டும் தினம் புதுசாவா பேசுனேன்? மேலப்பாளையம் ஆட்டுச் சந்தையில துண்டுக்கடியில கையைப் பிடிச்சு விலை பேசுனவன் நான், கை நடுங்குனா ஆளு பொய்யின்னு கண்டுபிடிச்சிருவேன், என்னையே ஏமாத்திட்டானே, குரலுக்கு ஏது கை…

நேத்து கறிக்கடை மதார்ட்ட வாயைக் கொடுத்திருக்கக் கூடாது. எம் மவன் ஒருநாள் தவறாம கூப்பிடுதாம்லே, நான் பேசுனா குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டான்னு பெருமையாச் சொன்னேன். அவன் கத்தியைத் தொடச்சுக்கிட்டே, மாமா, அது ரெக்கார்டுல்லா, தனியா கெடக்குற பெருசுகளுக்குன்னு ஒரு கம்பெனிக்காரன் விக்கான், ஒண்ணை அமுக்கலைன்னாத்தான் மவன் போனுக்குத் தாக்கல் போகும், ஆளு இருக்கா போச்சான்னு பாக்கத்தான் மாமாங்கான். எங்க மாமியாரும் அந்த ரெக்கார்டுட்ட என்னையப் பத்திக் கோள் சொல்லுதா, கேக்கத்தான் ஆளில்லையேன்னு நானும் விட்டுட்டேன்னான். கறி வாங்க நின்னவனுவ அத்தனை பேரும் சிரிச்சானுவ, நானும் சிரிச்சேன், சிரிக்காம என்ன செய்ய… ஒண்ணை அமுக்குனதும் வேற ஏதாவது உண்டா வாப்பான்னு கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அந்தச் சும்மா இருக்குற நேரத்துல என்னெல்லாம் சொல்லியிருக்கேன், குளிக்கப் போன எடத்துல வழுக்கி விழுந்து எந்திரிக்க முடியாம அறுக்கப்போற ஆடு மாதிரி கத்துனதை, உங்க உம்மா மவுத்தாகி என்னை விட்டுப் போன பொறவு ராத்திரி லைட்டை அணைக்கப் பயமா இருக்குன்னு, நான், அகமது மீரான், பயமா இருக்குன்னு… சரி வாப்பா, பைய இருங்கன்னு முடிக்கும், நெஞ்சு பாரம் எறங்கிரும். எல்லாத்தையும் காத்துட்ட சொல்லியிருக்கேன். சலாம் சொன்னாப் பதில் சொல்லாம இருக்கக் கூடாது, மெஷினு சொன்னாலுமா, பள்ளியாசல் ஹஜரத்துட்ட கேட்டா அவரும் சிரிப்பாரு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன், சொல்ல மாட்டேன், கட்டாயிட்டு… திரும்ப அடிக்கி, அதே குரல், அதே சலாம், போலே அங்கிட்டு, திரும்பவும் கட்டாயிட்டு. இனி தாக்கல் போகும். போகட்டும். பெத்தவன் செத்துட்டானோன்னு அவன் கொஞ்சம் பதறட்டும். பதறுவானா? இல்ல, அதுக்கும் ஒரு மெஷினு வச்சிருக்கானா…

அடிக்கி. வாப்பா, அஸ்ஸலாமு அலைக்கும். அதே குரல், ஏமாற மாட்டேன்… பின்னால லாரி ஹாரன் கேக்கு, எவனோ இந்தியில ஏசுதான். வாப்பா, ஏன் அமுக்கல, மூச்சு விடுத சத்தம் கேக்கு, பேசுங்க வாப்பா, உயிரே போச்சு எனக்கு. நடுங்குது, குரல் நடுங்குது, இது சந்தையில பாத்த நடுக்கம் இல்ல. வ அலைக்குமுஸ்ஸலாம்னேன். ராத்திரி பூரா சேத்து வச்சிருந்தேன், ஏலே, பெத்தவனுக்கு டேப்பா போட்டு விடுத, நீ மவுத்தாப் போனாலும் உங்குரல் எனக்கு சலாம் சொல்லுமாலேன்னு கேக்கணும்னு… என்ன செய்யுது வாப்பா, சொல்லுங்க, நான் கேக்கேன்ங்கான். வாயைத் தொறந்தேன், வழுக்கி விழுந்த கதை நாக்குவரை வந்துது, லைட்டை அணைக்கப் பயந்த கதையும் வந்துது… ஒண்ணுமில்லலே, கை தவறிட்டு, நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையைப் பாரு. அப்பாடா, நாளைக்கு மறக்காம அமுக்கிருங்க வாப்பான்னு வச்சுட்டான். ஏன் வரல? பெத்த பிள்ளை, சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கான், அந்தக் களவாணி மெஷின்ட்ட தண்ணியா ஓடுன வார்த்தை இவன்ட்ட ஏன் ஓடல… கை இன்னும் அந்த ஒண்ணுமேலதான் இருக்கு, எடுக்க மாட்டேங்குது, நாளைக்குப் பசியாறி முடிச்சதும் அது கேக்கும், வேற ஏதாவது உண்டா வாப்பான்னு…