பாஞ்சுதா மூடிய கதவு

அரசியல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள் என்ற செய்தி அந்த எழுபத்தேழாம் வருடக் குளிரில் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைக்கும் வந்து சேர்ந்தது. ஆலை நிர்வாகத்தில் தொழிலாளிக்கும் பங்கு கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்று புதிதாக ஒரு கொள்கையைச் சேர்த்திருக்கிறார்களாம். யூனியன் எழுத்தர் சுதன்யா டீக்கடையில் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பங்கு தரலேன்னா கோர்ட்டுக்குப் போலாமா?" என்று கேட்டார் தறிக்காரர் பாஞ்சுகோபால்.

"முடியாது. இது அரசாங்கத்துக்குச் சொன்ன வழிகாட்டி. அவ்வளவுதான்."

"என் மாமனார் அடுத்த பூஜைக்குச் சைக்கிள்னு சொன்ன மாதிரி," என்றான் நூற்புப் பிரிவு கேஷ்டோ. "ஞாபகப்படுத்தலாம். கேஸ் போட முடியாது."

ஆனாலும் ஆலையில் ஒரு கூட்டுக்குழு அமைந்தது. தொழிலாளர் சார்பில் யார் போவது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

"பாஞ்சுதா, இத்தனை வருஷமா இந்த பெஞ்சுல உக்காந்துதானே ஆலைய நடத்துறே. கொஞ்சம் உள்ள போயும் நடத்து," என்றான் கேஷ்டோ. ஆலையில் எல்லோருக்கும் அவர் பாஞ்சுதா, அதாவது பாஞ்சு அண்ணன்.

முதல் குழுக் கூட்டத்தில் கைவைத்த நாற்காலி, சாஸரோடு கோப்பை, இரண்டு பிஸ்கட். பெஞ்சில் ஓயாத வாய் அங்கே ஒட்டிக்கொண்டது. மேனேஜர் லாஹிரி, "பாஞ்சு பாபு, ஆளுங்க தாமதமா வர்றாங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்க," என்றார்.

பாபு! பெரிய மனிதர்களை அழைக்கும் அந்த ஒரு சொல்லில் பாஞ்சுகோபாலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "சங்கு ஊதி அஞ்சே நிமிஷம். அப்புறம் கேட்ட மூடிடுங்க. அப்பத்தான் புத்தி வரும்," என்றார். சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய்தானா என்று திகைத்தார். அதற்குள் லாஹிரி எழுதிக்கொண்டுவிட்டார்.

அடுத்த வாரம் ஆற்றில் மூடுபனி இறங்கியது. பாஞ்சுகோபாலும் மற்ற அக்கரைத் தொழிலாளர்களும் வேலைக்கு வரும் படகு நடு ஆற்றில் நின்றுவிட்டது. அது கரை சேர்ந்தபோது கதவு மூடியிருந்தது. 'தொழிலாளர் பிரதிநிதியின் யோசனைப்படி' என்ற அறிவிப்பு கதவில் ஒட்டியிருந்தது. படகில் வந்த அத்தனை பேரும் அதைப் படித்துவிட்டு, பின்னால் நின்ற பிரதிநிதிக்கு மரியாதையாக வழிவிட்டார்கள்.

"முன்னால வா பாஞ்சுதா. நீ போட்ட பூட்டு, கிட்டப் போய்ப் பாரு," என்றான் கேஷ்டோ.

அன்று அரைநாள் கூலி போயிற்று. வீட்டில் மனைவி தருபாலா சோற்றைப் போட்டுக்கொண்டே, "நீங்க வாய மூடியிருந்தா அவங்க கதவ மூடியிருக்க மாட்டாங்க," என்றாள்.  குழுவிலிருந்து ராஜினாமா செய்துவிடலாமா என்று அவளிடமே கேட்டார் பாஞ்சுகோபால்.

"ஓடி வந்துட்டா பூட்டு அப்படியே இருக்கும்," என்றாள் அவள். "போட்டவர்தான் திறக்கணும்."

அடுத்த கூட்டத்தில் அவர் பிஸ்கட்டைத் தொடவில்லை. "என் யோசனைய வாபஸ் வாங்கிக்கிறேன்," என்றார்.

லாஹிரி சிரித்தார். "தொழிலாளர் முடிவாச்சே. நாங்க எப்படி மீறுறது?"

"அப்படின்னா அது எல்லாருக்கும்னு எழுதுங்க. நிர்வாகத்துல எங்களுக்குப் பங்குன்னா, கேட்டுல உங்களுக்கும் பங்கு உண்டுல்ல? ஆபீசர் வாசலையும் அஞ்சு நிமிஷத்துல மூடட்டும்."

ஸ்ரீராம்பூரிலிருந்து ரயிலில் வரும் இன்ஜினியர் சான்யால் மெல்லக் கையைத் தூக்கினார். பனிக்காலத்தில் அவர் ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? "பாஞ்சு பாபு வாபஸ் வாங்குறதை நான் ஆதரிக்கிறேன்," என்றார். கணக்கு அதிகாரியும் தொண்டையைச் செருமிக்கொண்டு கை தூக்கினார். லாஹிரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். கால் மணி நேரம் சலுகை. பனியில் படகு நின்றால் அது வரும் வரை கதவு திறந்திருக்கும் என்று முடிவானது.

சாயங்காலம் டீக்கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "அடுத்த கூட்டத்துல என்ன பேசப் போறே?"

பாஞ்சுகோபால் டீயை ஊதினார். "யோசிச்சுத்தான் சொல்லணும்."

அவர் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

"சட்டத்தத் திருத்துனதுல நமக்கு என்ன கெடைக்குமோ, தெரியாது," என்றார் டீக்கடைக்காரர். "பாஞ்சுதாவத் திருத்திட்டாங்கப்பா."