ரெண்டாள் பெட்டி

லாரி இன்னும் வரவில்லை. கிடங்கின் ஷட்டரை முக்கால்வாசி தூக்கிவிட்டு, சுமைகாரர்கள் அதன் நிழலில் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நெட்டை மட்டும் சுவரில் சாய்ந்து நின்றான். உட்கார்ந்தால் மறுபடி எழுவது பெரும்பாடு. இடுப்புக்கு மேலே வலப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலி. போன மழைக்காலத்தில் வந்தது, போகவே இல்லை. காலையில் குனிந்து பேண்டுக்குள் கால் விட முடியாமல் கட்டிலில் படுத்தபடியேதான் மாட்டிக்கொள்கிறான். மனைவி முதலில் அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

தண்ணீர் மோட்டார்களை அடுக்கிவைத்து அனுப்பும் கிடங்கு அது. சின்ன மோட்டார் வரும் அட்டைப்பெட்டியை ஒருவனே எடுத்துப் போய் ஏற்றிவிடுவான். பெரிய மோட்டார், கெட்டி அட்டையில் நைலான் பட்டை போட்டு இறுக்கிய பெட்டியில் வரும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒத்தாள் பெட்டி, ரெண்டாள் பெட்டி என்றுதான் அங்கே பேச்சு. உள்ளே அடுக்குவதற்கு மெஷின் இருந்தது. லாரிக்குள் ஏற்றுவது மனிதர்கள்தான்.

லாரிக்குப் பதிலாக ஒரு சின்ன வேன் வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினாள். தொளதொள பேண்ட், முழங்கால் இரண்டிலும் பட்டை, காதோரம் நரைக்கத் தொடங்கிய முடியை இழுத்துக் கட்டியிருந்தாள். பின்கதவைத் திறந்து ஒரு நீளமான இரும்புக் கம்பியையும், நடுவில் ஓட்டை உள்ள கனமான தட்டுகளையும் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தாள். கைகொடுக்க யாரையும் கூப்பிடவில்லை.

"என்ன மாப்ள, ரயில் சக்கரத்தக் கழட்டிட்டு வந்துருச்சு போல" என்றார் ரேடியோ.

ரேடியோ, நெட்டையின் அக்கா புருஷன். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேசுவார் என்பதால் அந்தப் பெயர். நெட்டையை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். அன்றிலிருந்து ரெண்டாள் பெட்டியின் ஒரு முனை அவருக்கு, மறுமுனை இவனுக்கு. அவர் மூக்கால் ஒரு சத்தம் கொடுப்பார், பெட்டி எழும்பும்.

சூப்பர்வைசர் வெளியே வந்தான். "உங்க முதுகு மேல கம்பெனிக்கு அக்கறை இருக்கு. வாரத்துல மூணு நாள், சாப்பாட்டுக்கு அப்புறம், இந்த மாஸ்டர் உங்களுக்கு எப்படித் தூக்கணும்னு சொல்லித் தருவாங்க. எல்லாரும் கண்டிப்பா வரணும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம்."

"பிடிக்க மாட்டாங்களாம்" என்றார் ரேடியோ, வாய்க்குள்ளேயே. "அங்கதான் மாப்ள எனக்கு இடிக்குது."

கிடங்கின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் ரப்பர் விரிப்புப் போட்டு, அதன்மேல் கம்பியை வைத்தார்கள். மாஸ்டர் முதலில் எல்லாரையும் அவரவர் வழக்கப்படி தூக்கச் சொன்னாள். ஒவ்வொருவராகக் குனிந்து, வெடுக்கென்று இழுத்து, தடாலென்று போட்டார்கள். அவள் முகத்தைச் சுளிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

"அண்ணா, எல்லாருமே முதுகாலதான் தூக்குறீங்க. முதுகு தூக்குறதுக்கு இல்ல. நேரா நிக்கிறதுதான் அதோட வேலை. தூக்குறது காலும் இடுப்பும்."

"இத்தன வருஷமாத் தப்பாத்தான் தூக்கியிருக்கோம்மா" என்றார் ரேடியோ. "பெட்டி மட்டும் எப்படியோ சரியா லாரி ஏறியிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கம்பியின் இருபுறமும் தட்டுகளை மாட்டி, அதன் முன்னால் போய் நின்றாள். கம்பி கணுக்காலுக்கு மேலே, ஏறக்குறைய காலை ஒட்டி இருந்தது. இடுப்பைப் பின்னால் தள்ளிக் கீழே போனாள். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கினாள். கம்பி முழங்காலை உரசிக்கொண்டு மேலே வந்தது, தொடையைத் தொட்டது, அடுத்த கணம் அவள் அதற்கடியில் உட்கார்ந்திருந்தாள், கம்பி அவள் தோளில் இருந்தது. எழுந்து, ஒரு காலை முன்னால் வைத்து, தலைக்கு மேலே நிறுத்தினாள். சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"இது போட்டிக்கு. உங்களுக்கு இது வேண்டாம். தரையிலிருந்து இடுப்பு வரைக்கும் வந்தாப் போதும்" என்றாள், கம்பியை இறக்கிவிட்டு. அவளுக்கு மூச்சு வாங்கியது. முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

நெட்டைக்கு முதல் வாரம் எதுவும் பிடிபடவில்லை. இடுப்பை இறக்கச் சொன்னால் முழங்கால் முன்னால் போனது. நெஞ்சை நிமிர்த்தச் சொன்னால் கழுத்து மட்டும் நிமிர்ந்தது. அவள் ஒரு துடைப்பக் கட்டையை அவன் முதுகில் வைத்து, தலை, முதுகு, இடுப்பு மூன்றிலும் அது ஒட்டியிருக்கும்படி குனியச் சொன்னாள். "இழுக்காதீங்கண்ணா. காலால தரையக் கீழ தள்ளுங்க. கம்பி தானா வரும். கை வெறும் கயிறுதான்."

ஒரு மதியம் அது சட்டென்று வந்துவிட்டது. தரையைத் தள்ளினான், கம்பி எழுந்து வந்து தொடையில் நின்றது. எடையே இல்லாதது போல இருந்தது. இன்னொரு முறை செய்யப் போனவனை அவள் தடுத்தாள். "போய் உக்காருங்க. நல்லா ஓய்வு எடுத்துட்டு அப்புறம் தூக்கலாம். தொடர்ந்து தூக்கினா பலம் வராது, விட்டு விட்டுத் தூக்குறப்பதான் வரும். எடையையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்."

சற்றுத் தள்ளி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் சிரித்தான். "லாரிக்காரன் விட்டு விட்டு வருவானா மாஸ்டர்?"

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் நெட்டை கேஸ் சிலிண்டரை அவள் சொன்னபடி தூக்கிப் பார்த்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பார்த்தான். ஒரு காலையில் நின்றபடியே குனிந்து பேண்டை மாட்டினான். நிமிர்ந்தபோது மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் போனாள். உள்ளே பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக அடுக்கினாள்.

ரேடியோ மட்டும் மாறவில்லை. கம்பியைத் தொட்டு எடுப்பார், பாதியில் போடுவார். "எதுக்குடா படம் எடுக்குறான்? கல்யாண வீடா இது?" என்று நெட்டையிடம் கேட்டார். "வயசான மாட்டுக்கு எவனாவது வைத்தியம் பாப்பானா? பாக்குறான்னா விக்கப் போறான்னு அர்த்தம்."

"எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிக்காதீங்க மாமா. எனக்கு வலி விட்டுருச்சு."

"விட்டுச்சுன்னா சந்தோஷம். சத்தமாச் சொல்லாத."

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் ரப்பர் விரிப்பில் கம்பி இல்லை. ரெண்டாள் பெட்டி ஒன்று இருந்தது. சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் மேனேஜரும் வந்து நின்றிருந்தார். மாஸ்டர் பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"சார், இது கம்பி மாதிரி இல்ல. அகலம். உடம்போட ஒட்டி வராது. எடை முழுக்க முன்னால நிக்கும்."

"ஒரே ஒரு தடவை மாஸ்டர். பயிற்சி எந்த அளவுக்கு வந்திருக்குன்னு சாருக்குத் தெரியணும்ல" என்றான் சூப்பர்வைசர். பிறகு நெட்டையைப் பார்த்துக் கையசைத்தான். "நீ வா. உனக்குத்தான் நல்லா வருது."

நெட்டை முன்னால் போனான். அப்போது அவன் மனசில் இருந்தது ஒன்றுதான், முதுகை வளைக்கக் கூடாது. காலை அகட்டிப் பெட்டியைக் கால்களுக்கு நடுவில் கொண்டுவந்தான். நைலான் பட்டையில் கையை நுழைத்துத் தளர்வு போகும்வரை மெதுவாக இழுத்தான். மூச்சை இறுக்கித் தரையைத் தள்ளினான். பெட்டி எழுந்தது. அதைச் சுமந்தபடியே ஆறேழு அடி நடந்து தொட்டியை ஒட்டியிருந்த சிமெண்டு மேடையில் வைத்தான். மேனேஜர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பெருமையில் நெட்டையின் காது சூடானது. கூட்டத்தில் ரேடியோவைத் தேடினான். அவர் தொட்டியின் குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் மட்டும் கிட்டே வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள். "வலிக்குதா?"

"இல்ல மாஸ்டர்."

"நாளைக்குச் சொல்லுங்க."

சாயங்காலம் பஸ்ஸில் ரேடியோ வாயே திறக்கவில்லை. இறங்கி நடக்கும்போதுதான் கேட்டார். "ஏன் மாப்ள தூக்குன?"

"தூக்கச் சொன்னாங்க."

"முடியலன்னு போட்டிருக்கலாம்ல."

"முடிஞ்சுதே மாமா."

ரேடியோ தலையை ஆட்டினார். சந்தில் திரும்பிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் ஆட்களை இரண்டாகப் பிரித்து நிற்கவைத்தான். ஒரு பக்கம் உள்ளே போகலாம். மறு பக்கம் இருப்பவர்களை வேலை அதிகமாக இருக்கும்போது போன் பண்ணிக் கூப்பிடுவார்கள். இனிமேல் ஒரு பெட்டிக்கு ஒரு ஆள். பயிற்சி பெற்றவர்களால் அது முடியும் என்று கம்பெனி நேரிலேயே பார்த்துவிட்டது. ரேடியோ எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவராகவே சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாமா" என்றான் நெட்டை.

"உள்ள போடா. நீயும் வெளிய நின்னா யாருக்கு லாபம்?"

அன்று சாயங்காலம் அக்கா வந்தாள். மனைவி போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ தூக்கிக் காட்டினியாமே?"

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா."

"உன்னைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி சேத்துவிட்டவரு. அவருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. உனக்குத் தெரியலயா?" பிறகு கேட்க வந்ததைக் கேட்டாள். "என்ன குடுத்தாங்க?"

"யாரு?"

"கம்பெனிலதான். சும்மாவா தூக்கிக் காட்டுவாங்க?"

"சத்தியமா ஒண்ணும் இல்லக்கா. அதே சம்பளந்தான்."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு வீட்டைப் பார்த்தாள். புதிதாக எதுவும் வந்திருக்கிறதா என்று அவள் கண் அலமாரிக்கும் டிவிக்கும் போய்வந்தது. போய்விட்டாள். மனைவி கதவைச் சாத்தினாள். விளக்கை அணைத்த பிறகு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தபடி கேட்டாள். "நெஜமாவே ஒண்ணும் குடுக்கலயா?"

அடுத்த பயிற்சி நாளில் மாஸ்டரின் வேன் வந்தது. காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. பயிற்சி முடிந்துவிட்டது, கம்பியையும் தட்டையும் மட்டும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்து வந்தவன் நெட்டைதான். கேட்டின் கம்பிகளுக்கு நடுவே அவள் அவனைப் பார்த்தாள்.

"வலி எப்படிண்ணா இருக்கு?"

அவன் கம்பியையும் தட்டுகளையும் கேட்டுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினான். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல மாஸ்டர்?"

"என்னது?"

"இதுக்குத்தான்னு."

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. "முதுகு வலின்னு நிறைய பேரு லீவு போடுறாங்க, குறைக்கணும்னு சொன்னாங்க. அதுக்குத்தான் வந்தேன். எனக்கும் இன்னும் காசு வரல. ஓய்வு விடணும்னு எத்தன தடவ சொன்னேன்? நீங்க கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"விடுறாங்களா?"

நெட்டை கடைசித் தட்டைத் தள்ளினான். அது கேட்டில் இடித்து நின்றது. குனிந்து மறுபடி தள்ளினான். அவள் சொல்வது உண்மையா என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. அவள் கம்பியைத் தனியாகவே தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போனாள்.

மாதம் திரும்புவதற்குள் வலி திரும்பி வந்தது. இப்போது இடப்பக்கமும். அவன் முதுகை வளைக்கவில்லை. காலால்தான் தள்ளினான். ஒவ்வொரு பெட்டிக்கும் மூச்சை இறுக்கினான். மதியத்துக்கு மேல் கால் தரையைத் தள்ளுவதை நிறுத்திவிடும், அப்போது முதுகு தானாக வளையும். லாரிக்குள் சத்தமே இல்லை. பெட்டி இறங்குவதும், யாரோ ஒருவர் மூச்சு விடுவதும்தான் கேட்கும். ரேடியோவுக்கு இதுவரை போன் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் அவர் பேசத்தான் செய்கிறார், ஆனால் கிடங்கைப் பற்றிக் கேட்பதில்லை.

அன்று மதியம் லாரி தாமதமானது. சூப்பர்வைசர் ஒரு வெள்ளை ஸ்டிக்கர்ச் சுருளைக் கொண்டுவந்து நெட்டையின் கையில் கொடுத்தான். "சும்மாதானே நிக்கிற. பெரிய பெட்டி எல்லாத்துலயும் இத ஒட்டிட்டு வா. பழைய படத்து மேல சரியா வரணும்."

நெட்டை சுருளைப் பிரித்துப் பார்த்தான். கறுப்பு மையில் ஒரு ஆள். முழங்கால் மடங்கி, முதுகு கோடு போட்ட மாதிரி நேராக, கையில் பெட்டியோடு நின்றான். பெட்டியின் பக்கவாட்டில், தொழிற்சாலையிலேயே அச்சடித்து வந்த பழைய படத்தில் இரண்டு பேர், ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலம் பெட்டியைத் தூக்கியும் அவன் அதைக் கவனித்ததில்லை.

ஒரு ஸ்டிக்கரை உரித்து அதன்மேல் வைத்து, கட்டை விரலால் ஓரத்திலிருந்து தேய்த்தான். மெல்லிய தாள். புது ஆளுக்குப் பக்கத்தில், வெள்ளைக்கு அடியில், மற்றவனின் குனிந்த தலையும் ஒரு கையும் மங்கலாகத் தெரிந்தன. சூப்பர்வைசர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"தெரியுது பாரு. இன்னொன்னு மேல ஒட்டு."

நெட்டை இன்னொரு ஸ்டிக்கரை உரித்தான்.