நெஞ்சில் ‘சி’ தைத்த கோல் கீப்பர்

2019ஆம் ஆண்டு ஜனவரி பதினான்காம் நாள், திங்கட்கிழமை. குளிர், உறைநிலைக்குக் கீழே முப்பத்து நான்கு பாகை. வாசலில் நிறுத்திய வண்டியே கண்ணுக்குப் புலப்படாத பனிப்புயல்.

கனடாவின் சஸ்காச்சுவன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் ஒரே நெடுஞ்சாலையை முற்பகலிலேயே மூடிவிட்டனர். ஆகவே பனித்தள ஹாக்கி அரங்கின் சிற்றுண்டிக் கடையை நடத்தும் மார்லிஸ் அங்கேயே அகப்பட்டுக்கொண்டாள். அவளுடன் அகப்பட்டவர் இருவர். ஒருவர், பனித்தளத்தைச் சமன்செய்யும் வண்டியை ஓட்டும் மூதாட்டி வெர்னா. மற்றவன், மூன்றாண்டுகளுக்கு முன் மார்லிஸ் மணவிலக்குச் செய்த டேரல்.

டேரல் இருபது ஆண்டுகளாகக் கோல் கீப்பராக ஆடிவருபவன். மனைவி பேசியது எதுவும் அவன் காதில் ஏறியதில்லை; அவள் விலகியதற்கு அதுவே காரணம். சென்ற வாரம், மீண்டும் தன்னை மணக்கும்படி கேட்டு, அவன் ஒரு நாவலைக் கொண்டுவந்து கொடுத்தான்.

“இது நம்ம கதைதான், மார்லி. நான் ரெண்டு தடவை வரி விடாம படிச்சேன். இப்பல்லாம் நான் பழைய ஆளு இல்ல. படிச்சுட்டு திங்கக்கிழமை பதில் சொல்லு.”

ஊர் முழுவதும் அவள் சம்மதத்தை எதிர்பார்த்திருந்தது. அவளுங்கூட, சம்மதிப்பதற்கு ஒரு காரணம் கிடைக்குமென்றே அந்நாவலைப் படித்தாள். கதையில், நாயகியை விட்டுச்சென்ற ஆட்டக்காரன் திரும்பி வருகிறான். முந்நூறு பக்கம் மறுத்த நாயகி, அவன் ஒரு பந்தயத்தில் வென்றதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். ஏன் மன்னித்தாள்? மார்லிஸ் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டித் தேடினாள். காரணம் எங்குமே இல்லை.

“ஏம்மா, அவனும் எத்தனை நாள்தான் உன் பின்னாடி நாயா அலைவான்? சரின்னு சொல்லித் தொலையேன்” என்றார் வெர்னா.

“அவ்வளவு பாவமா இருந்தா நீங்களே கட்டிக்குங்க.”

“எனக்கு அறுபத்தெட்டு வயசு. என்னோட வேகத்துக்கு அவன் தாங்கமாட்டான்!”

டேரல் சிரிக்கவில்லை. “மார்லி, இன்னிக்குத்தான் திங்கக்கிழமை” என்றான்.

காற்று கதவை இடித்தது. போவதற்கு இடமில்லை.

“புத்தகத்துல உனக்கு எதுவும் இடறலையா?” என்று கேட்டாள் அவள்.

“எதுவுமே இல்ல. ஒவ்வொரு வரியும் அப்படியே நாமதான்.”

மார்லிஸ் ஒன்பதாம் பக்கத்தைத் திறந்து அவன்முன் நகர்த்தினாள். “இத சத்தமா படி.”

“‘கோல் கீப்பரான அவன், தன் நெஞ்சில் தைத்த, கேப்டனுக்குரிய சி எழுத்தைத் தடவிக்கொண்டான்...’” டேரலின் முகம் சிவந்தது. “என்னது? கோல் கீப்பருக்கு சி-யா? கோல் கீப்பர் கேப்டனா இருக்க விதியிலயே இடமில்லையே! எந்த மடையன் எழுதினான் இத?”

வெர்னா வெடித்துச் சிரித்தார். பின்னர் விஷயம் விளங்கவே, சட்டென்று வாயை மூடிக்கொண்டார். டேரலுக்கும் விளங்கியது.

“ரெண்டு தடவை படிச்சேன்னியே” என்றாள் மார்லிஸ் மெதுவாக.

“பின் அட்டைய படிச்சேன்... பயிற்சி, பந்தயம்னு நேரமே இல்ல, மார்லி. ஆனா சொன்னதெல்லாம் மனசார—”

“வேண்டாம், டேரல். இதுதான் என் பதில்.”

அவன் எழுந்து வாசல்வரை சென்றான். கதவைத் தள்ளிப் பார்த்தான். திரும்பி வந்து அதே நாற்காலியில் அமர்ந்தான். சாலை மறுநாள் காலைக்கு முன் திறக்காதென்று வானொலி அறிவித்தது. மார்லிஸ் மூவருக்கும் சூப் சுடவைத்தாள்.

அவள் ‘வேண்டாம்’ என்றபோது மணி பிற்பகல் நான்கு பன்னிரண்டுதான்; விடியும்வரை மூவரும் அங்கேயே இருந்தாக வேண்டும்.