பதினேழு கம்பிகள்

சேஃப்டி ஆபீசர் பதினேழு கம்பிகளையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொரு நுனியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எதிரே நின்ற வெல்டரக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. இறைச்சி கிழியாமல் ஏற வேண்டுமே என்று அவள் பார்த்துப் பார்த்துத் தேய்த்த நுனிகள் அவை. இந்த மனுஷன் என்னடாவென்றால் கொலைக் கேஸ் சாமான் மாதிரித் தொடுகிறார்.

"இந்தத் தாள்ல, கம்பெனி இரும்பத் திருடி ஆயுதம் செஞ்சேன், மன்னிச்சிருங்கன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமை உன் பெர்மனென்ட் ஆர்டர் வந்துரும். இல்லேன்னா வராது."

"மத்தியானத்துக்குள்ள சொல்றேன் சார்" என்று தாளை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

ஆறு வருஷமாக அந்த ஆர்டருக்குத்தான் அவள் கண் எரிய எரிய வெல்டிங் அடித்தாள். திருட்டாம்! கழிவில் கிடந்த எவர்சில்வர் கம்பியை, "எடுத்துக்கம்மா" என்று பழைய சூப்பர்வைசரே கையில் கொடுத்தார். துத்தநாகம் பூசிய கம்பி நெருப்பு பட்டால் விஷப்புகை விடும், அது வேண்டாம் என்று அவரிடமே அடம்பிடித்து மாற்றி வாங்கியவள் அவள்.

எல்லாம் ஷெட்டு ஆட்கள் சேர்ந்து சுட்டுத் தின்கிற வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்காகத்தான். ஷெட்டுக்குப் பின்னால் பாதியாக அறுத்த எண்ணெய் டிரம், அதில் கரி. கிரேன் ஓட்டுகிற அண்ணன் ஊரில் கொத்துக்கறியை வெங்காயத்தோடு பிசைந்து கம்பியைச் சுற்றி அப்பிச் சுடுவார்களாம். தெரியாத்தனமாக முதல் வாரம் உருண்டைக் கம்பி செய்து கொடுத்துவிட்டாள். கம்பி சுற்றியதே தவிர கறி சுற்றவில்லை. அடிப்பக்கம் கருகி, பொத்தென்று கரியில் விழுந்தது. அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மறு வாரம் இரண்டு விரல் அகலத்தில் தட்டையாக அடித்துக் கொடுத்த பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பெயின்டர் கடல் தாண்டி வந்தவர். மாட்டு இதயத்தை வினிகரிலும் மிளகாயிலும் ஊறவைத்துக் கொண்டுவருவார். அவருக்கு முள்கரண்டி மாதிரி இரட்டை முனை வைத்த கம்பி. குட்டை ஃபிட்டருக்கு இரும்பே ஆகாது. காலையிலேயே மூங்கில் குச்சிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்டுவிரல் அளவு கோழித்துண்டுகளைக் கோத்துச் சுட்டு, வேர்க்கடலைக் குழம்பில் முக்கி முக்கித் தின்பார். இவளுக்கு ஆட்டு ஈரல், உப்பு, மிளகு, போதும். யார் ஊர் ஒசத்தி என்று வாரா வாரம் சண்டை நடக்கும். சண்டை முடிவதற்குள் தட்டு காலியாகிவிடும்.

வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுட்டுப் போயேன்."

"திருடின்னு எழுதின தாளு நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஃபைல்ல கெடக்கும். அந்தச் சோறு எனக்குத் தொண்டைல எறங்காதுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். பயமாகத்தான் இருந்தது. பிள்ளையின் படிப்பு, வாடகை வீடு, எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன.

திரும்ப ஆபீசரிடம் போய், தாளில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு அதன் கீழே எழுதினாள்: 'இரும்பு கொடுத்தது பழைய சூப்பர்வைசர். கம்பி செய்தது நான். இது கறி சுடுகிற கம்பி. இன்னும் செய்வேன்.' கையெழுத்தும் போட்டாள். அவர் அதைப் படித்து முடிப்பதற்குள் பதினேழையும் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

ஆபீசர் முகம் சிவக்க வாக்கிடாக்கியை எடுத்தார். "கிரேன், அந்த டிரம்மத் தூக்கி ஸ்கிராப் மேட்டுல போடு. இப்பவே."

ஷெட்டுக் கூரைக்கு மேலே டிரம் எழும்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அன்றும் வெள்ளிக்கிழமைதான்; கரி நிரப்பி, இன்னும் பற்றவைக்காத டிரம். அந்தரத்தில் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு ஸ்கிராப் மேட்டுப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் திரும்பி, ஆபீஸ் படிக்கட்டுக்கு நேர் எதிரே, தூங்குகிற பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி இறங்கி உட்கார்ந்தது.

"எடம் தப்பிப்போச்சு சார்," என்றது வாக்கிடாக்கி. "வயசாகுதில்ல, கண்ணு சரியாத் தெரியல."

அவள் கீழே வந்தபோது பெயின்டர் இறைச்சிப் பாத்திரத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தார். பின்னால் ஃபிட்டர், குச்சி வாளியோடு. ஒருநாளும் வெள்ளிக்கிழமைக்கு வராத பக்கத்து ஷெட்டு ஆட்கள்கூட ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள். அவள் குத்தவைத்து உட்கார்ந்து கரியைப் பற்றவைத்தாள். முதல் புகை நேரே மேலே ஏறியது. மாடியில் ஜன்னலை அறைந்து சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு அட்டைத் துண்டை எடுத்து, அவள் இன்னும் வேகமாக விசிறினாள்.