இரண்டாம் முறை கேட்கக் கூடாது

வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ஆதிமூலம் இங்கிலீஷ் அகாடமி. மாடிப்படி குறுகல், போர்டு மட்டும் அகலம். 'முப்பது நாள், முப்பது வாக்கியம், உலகம் உங்கள் கையில்' என்று எழுதியிருக்கும். உலகத்தைக் கையில் வாங்கிக்கொள்ள அந்த மாதம் பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி வேதா.

வேதாவுக்கு உலகம் வேண்டாம், ஒரு நாற்காலி போதும். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய தங்கும் விடுதி ஒன்றில் ஆறு வருஷமாக அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். ரிசப்ஷனில் இருந்தவர் பெங்களூர் போய்விட்டதால் அங்கிருந்த சுழல் நாற்காலி மூன்று வாரமாகக் காலி. விடுதியின் முதலாளி அருணாதேவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ஆதிமூலம் சார் கிட்ட பாஸ்னு கையெழுத்து வாங்கினு வா. மறுநாளே நீ அங்க உக்காந்துக்கோ. பௌர்ணமிக்குள்ள வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன், அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சுக்காத."

பௌர்ணமிக்கு ஒன்பது நாள் இருந்தது.

ஆதிமூலத்தின் முறையே தனி. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வாக்கிய அமைப்பைக் கொடுப்பார். அதை வீட்டிலும் வேலையிலும் பேசிப் பழக வேண்டும். பிறகு அவரே வேலை செய்யும் இடத்துக்கு வந்து உட்கார்ந்து ஐம்பதுக்கு மார்க் போடுவார்; நாற்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ். இதற்கு 'லைவ் டெஸ்ட்' என்று பெயர். எப்படியோ இந்த லைவ் டெஸ்ட் சாப்பாட்டு வேளையை ஒட்டியே அமைந்துவிடும். பேக்கரி வைத்திருந்த மாணவருக்கு மூன்று முறை நடந்தது. பஞ்சர் கடைக்காரருக்குப் போனிலேயே முடிந்துவிட்டது.

வேதாவுக்குக் கிடைத்த அமைப்பு, 'ஹவ் அபவுட்'.

"இது ராஜாங்கத் தொடர்ம்மா," என்றார் ஆதிமூலம், ஸ்கேலால் பலகையைத் தட்டி. "காபி குடின்னு சொன்னா கட்டளை. ஹவ் அபவுட் எ காபின்னா யோசனை. கோயிலுக்கு வான்னா கட்டளை. ஹவ் அபவுட் கோயிங் டு த டெம்பிள்னா யோசனை. நாகரிகம் உள்ளவன் கட்டளை போட மாட்டான்." சொல்லி முடித்த கையோடு, "ஏய், பேன் சுத்தல பாரு, ஸ்விட்ச்சப் போடு!" என்று முன் வரிசைக்காரரை விரட்டினார்.

வேதா அன்றிரவே வீட்டில் பழக ஆரம்பித்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் புருஷன் மாறன் சாப்பிட்டு முடித்ததும், "ஹவ் அபவுட் வாஷிங் யுவர் பிளேட்?" என்றாள்.

"இன்னாது, திட்றியா?"

"இல்ல, தட்டக் கழுவலாமேன்னு ஒரு யோசனை சொல்றேன்."

"யோசனையா? அப்ப சரி, யோசிக்கிறேன்," என்று தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போனான் மாறன். கட்டளையின் அருமை வேதாவுக்கு அப்போது புரிந்தது.

முதல் டெஸ்ட் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில், அங்கே தங்கியிருந்த ஒரு டென்மார்க் அம்மாளிடம் நடந்தது. ஆதிமூலம் பக்கத்து மேஜையில் பொங்கலோடு உட்கார்ந்திருந்தார். வேதா அழகாகத்தான் ஆரம்பித்தாள்: "ஹவ் அபவுட் எ தோசை?"

"நோ, தேங்க் யூ."

இந்தப் பக்கத்தில் முதல் 'வேணாம்' கணக்கிலேயே வராது. வீட்டுக்கு வந்தவர் முதலில் வேண்டாம் என்பது மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், கௌரவத்துக்கு. மூன்றாவது தடவை கேட்டதும், 'நீங்க இவ்ளோ சொல்றீங்களேன்னு' என்று அலுத்துக்கொண்டே ஏழு இட்லி சாப்பிடுவார். மூன்று முறை கேட்காத வீட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். வேதா அந்த வழியில் வளர்ந்தவள். விடாமல் கேட்டாள். "ஹவ் அபவுட் ஒன்லி ஹாஃப் தோசை?" "நோ, நோ." "ஹவ் அபவுட் ஒன்லி சட்னி?" அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு கிரிவலப் பாதையில் யாரும் நடக்காத வேகத்தில் நடந்தாள்.

பதினேழு மார்க். ஃபெயில்.

"நோன்னா நோ!" என்று சீறினார் ஆதிமூலம். "ரெண்டாந்தடவ கேட்டா காட்டுமிராண்டித்தனம். கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் பத்து மார்க் கட்."

"கூச்சத்துல சொல்லியிருந்தா, சார்? பாவம், பசியோட..."

"பசிச்சா யெஸ்னு சொல்லுவாங்க. நம்மாளுங்க மாதிரி வாய்ல ஒண்ணு, வயித்துல ஒண்ணு கெடையாது. அதுதாம்மா பண்பாடு."

இரண்டாவது டெஸ்ட் பௌர்ணமிக்கு முதல் நாள். பன்னிரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கிய ஆதிமூலம், "இன்னிக்கு நாந்தான் ஃபாரின் கெஸ்ட். ஆரம்பி," என்றார். இன்று தவறினால் நாற்காலி போய்விடும்.

"வெல்கம் சார். ஹவ் அபவுட் எ டீ?"

"நோ நோ," என்று கையை ஆட்டினார். "எதுக்கும்மா சிரமம்."

"ஓகே சார்," என்று வேதா திரும்பிப் போய்விட்டாள். ஆட்டிய கை கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது.

கால் மணி கழித்து, "ஹவ் அபவுட் எ வடை, சார்?" சமையற்கட்டிலிருந்து எண்ணெய் வாசனை கூடம் முழுக்கப் பரவியிருந்தது.

"சேச்சே, நோ நோ," என்று சொல்லிக்கொண்டே ஆதிமூலம் நாற்காலியை மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓகே சார்."

சமையல்காரன் ராமன் கரண்டியோடு எட்டிப் பார்த்தான். "க்கா, அந்தாளு வடையையே பாத்துனுகீறாரு. இன்னொரு வாட்டி கேளேன்."

"கேட்டா பத்து மார்க் போயிடும்டா."

"கேக்கலன்னா அம்பதும் போயிடும். பசியோட பேனா புடிக்கிறவன் மார்க்கா போடுவான்?"

வேதாவுக்கு இரண்டு பக்கமும் பள்ளம். கேட்டால் விதிப்படி ஃபெயில். கேட்காவிட்டால் கோபத்தில் ஃபெயில். விதி அவர் போட்டது, அவரே அதை அனுபவிக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

ஒரு மணிக்குக் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "ஹவ் அபவுட் ஹேவிங் லஞ்ச், சார்?"

ஆதிமூலத்தின் வாய் வயிற்றைக் கலந்தாலோசிக்காமல் ஐம்பது வருஷப் பழக்கத்தில் பேசிவிட்டது. "ஐயய்யோ, வேணாம்மா, நோ நோ, வீட்ல போயி..."

"ஓகே சார்."

பக்கத்து மேஜையில் ஹைதராபாத் குடும்பம் ஒன்று பாயசம் வரைக்கும் போயிருந்தது. அருணாதேவி உள்ளே வந்தார். "சார் சாப்பிட்டாச்சா?"

"அது... கேட்டாங்க," என்றார் ஆதிமூலம் மெலிந்த குரலில். "வெளிய சாப்பாடுன்னு வீட்ல கூட சமைக்க வேணாம்னு சொல்லிட்டேன்..."

"ரெண்டாந்தடவ கேக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னதா வேதா சொன்னா. ரொம்ப நல்ல பழக்கம் சார். ஸ்டாஃப் எல்லாருக்கும் சொல்லிட்டேன். யாரும் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க," என்று சிரித்தபடி அருணாதேவி போய்விட்டார்.

மணி ஒன்றே முக்கால். ஆதிமூலம் தொண்டையைச் செருமினார். "வேதா."

"சார்?"

"ஹவ் அபவுட்..." சுற்றும் முற்றும் பார்த்தார். "ஹவ் அபவுட் கிவிங் மீ சம் ஃபுட்?"

"ஷ்யூர் சார்," என்றாள் வேதா. அவள் சொல்வதற்கு முன்பே ராமன் இலை போட்டுவிட்டான்.

ஆதிமூலம் சாப்பிட்டார். சாம்பாருக்கு மூன்று தடவை சோறு, ரசத்துக்கு இரண்டு தடவை. ஒருமுறைகூட 'போதும்' என்று சொல்லவில்லை; சொன்னால் இந்தப் பெண் அதையும் நம்பிவிடுவாள் என்ற பயம். கை கழுவி வந்தவரின் முன் வேதா மார்க் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு நின்றாள். அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு ஏப்பம் விட்டார், எழுதினார்.

நாற்பத்தெட்டு. பாஸ். கீழே கையெழுத்து.

வேதா தாளை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "ரெண்டு மார்க் எதுக்கு சார் கம்மி?"

"சாம்பார்ல உப்பு ஜாஸ்தி."

வேதா நேராக ரிசப்ஷனுக்குப் போனாள். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள், புடவையைச் சரிசெய்துகொண்டாள், நிமிர்ந்தாள்.

"சாம்பாரெல்லாம் கிச்சன் டிபார்ட்மென்ட் சார். ராமனக் கேளுங்க. நான் ரிசப்ஷன்."